சத்தம் யார் வீட்டிலிருந்து வந்தாலும் பழி வாடகைக்காரர்கள் மேல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வாடகைக்கு இருப்பவர், ஐந்தாம் தளம்

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே ஒரு வயதான தம்பதி. சொந்த வீட்டுக்காரர்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் தலைக்கு மேல் ஏதோ 'தொம்' என்று விழுகிறது, அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்துவிடுகிறார் என்று செக்யூரிட்டி வந்து சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் விளக்கு அணைத்துப் படுத்திருப்போம் என்று சொன்னேன். நம்பவில்லை.

அடுத்ததாக எங்களிடம் யாரும் பேச வரவில்லை. நேராக ஹவுஸ் ஓனருக்குப் போன் போனது. "உங்க ஆளுங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க, இல்லேன்னா சங்கத்துல தீர்மானம் போட வேண்டியிருக்கும்." குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் உண்டு. அதில் எங்களைப் பற்றி ஓடிய பேச்சை எதிர் வீட்டு அக்கா காட்டினார். "வாடகைக்கு வர்றவங்களுக்கு இது வீடாத் தெரியாது, சத்திரமாத்தான் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே வரிசையாக ஆமோதிப்பு. பதில் சொல்ல எனக்கு அங்கே இடமே இல்லை. என் பிள்ளைகள் லிஃப்டில் ஏறினால் பேச்சு சட்டென்று நின்றுபோகும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் தளத்தில் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார், அவரும் சொந்த வீட்டுக்காரர். அவர்தான், "காது காட்டுற திசையை கான்கிரீட் கட்டடத்துல நம்பக் கூடாதும்மா" என்றார். பேச்சும் டிவி சத்தமும் காற்று வழியாக வருவதால் நல்ல சுவர் ஓரளவு தடுத்துவிடும். தரையில் மோதும் சத்தம் அப்படியில்லை. தளத்தில் விழுந்த அதிர்வு உத்தரம், தூண் என்று கட்டடத்தின் உடம்பு வழியாகவே ஓடும். பக்கத்து வீட்டிலோ, குறுக்கே மேல் வீட்டிலோ விழுந்தது நேர் மேலே விழுந்தது போலக் கேட்கும்.

சத்தம் கேட்டவுடன் நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லி அந்தத் தம்பதியிடம் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு ராத்திரி எங்கள் கூடத்திலேயே வந்து உட்கார்ந்தார். அந்த 'தொம்' எங்களுக்கும் கேட்டது, பக்கத்துச் சுவரிலிருந்து. அதே நிமிடம் கீழேயிருந்து அவருக்குப் போன் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் இரும்பு டம்பெல்லை வெறும் டைல்ஸ் தரையில் போட்டு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தான். அவர்களும் சொந்த வீட்டுக்காரர்கள்.

உண்மை தெரிந்த பிறகு சங்கத்தில் சொன்னது: "வளர்ற பையன், பக்குவமாப் பேசிக்கலாம்."

சத்தம் ஒன்றே, நேரமும் ஒன்றே. எங்களுக்கு மட்டும் வீட்டைக் காலி செய்யும் தண்டனை, அவர்களுக்குப் பக்குவம். பையனோடு பக்குவமாகப் பேசியதில் எனக்கு வருத்தமே இல்லை, அப்படித்தான் பேச வேண்டும். எங்களிடமும் அப்படிப் பேசியிருக்கலாம் என்பதுதான் என் கேள்வி. உங்கள் குடியிருப்பில் எப்படி?

சொந்த வீட்டில் இருப்பவர், முதல் தளம்

உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் எங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், சகோதரி.

எங்கள் மேல் வீட்டை அதன் உரிமையாளர் நாள் கணக்கில் வாடகைக்கு விட்டார். வாரக் கடைசி வந்தால் புதிது புதிதாக ஆட்கள். விடியும்வரை ஸ்பீக்கர். அந்தத் தாழ்ந்த 'டும் டும்' ஒலி, ஜன்னலை மூடினாலும் நிற்காது. படிக்கட்டில் வாந்தி, மாடித் திருப்பத்தில் சிறுநீர், லிஃப்ட் பட்டன்களில் லைட்டரால் சுட்ட தழும்பு. என் அம்மா படுக்கையில் இருந்த காலம் அது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மேலே போனேன். "ஓனர்கிட்ட பேசிக்கோங்க" என்று ஒருவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். போலீஸ் வந்தது, அவர்கள் காலையில் கிளம்பிப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் வேறு கூட்டம்.

உரிமையாளரைப் பிடிக்கவே பெரும்பாடு. பிடித்தபோது, "எனக்கு வாடகை ஒழுங்கா வருதே" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வந்து போகிறவனை எத்தனை பேரைத் திட்டினாலும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர் மாறாதவரை ஒன்றும் நடக்காது. கடைசியில் சங்க விதியைத் திருத்தினோம். எந்த ஃபிளாட்டில் தொல்லை நடந்தாலும் எழுத்துப்பூர்வமான முதல் எச்சரிக்கை அங்கே இருப்பவருக்கும் உரிமையாளருக்கும் சேர்ந்தே போகும், அதன் பிறகான அபராதம் உரிமையாளரின் மெயின்டெனன்ஸ் கணக்கில் ஏறும். அபராதம் அவர் கணக்கில் ஏறத் தொடங்கியதும் நாள் வாடகை நின்றது. இப்போது அங்கே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அம்மாவைப் பார்க்க அவர்கள் அடிக்கடி இறங்கி வருவார்கள்.

வாடகைக்கு இருந்தவர், இப்போது வேறு இடம்

எங்களுக்குப் புகைதான் தொல்லை. கீழ் பால்கனியில் சொந்த வீட்டுக்காரர் விடாமல் சிகரெட் பிடிப்பார், என் மகளுக்கு ஆஸ்துமா. "என் வீடு, என் பால்கனி, பிடிக்கலேன்னா நீங்க போங்க" என்றார். ஜன்னலை அடைத்தோம், காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினோம், பயனில்லை. அமெரிக்க அரசின் தலைமைப் பொது சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2006-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது: பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது, காற்றோட்டத்தாலோ சுத்திகரிப்பாலோ அதை முழுவதும் நீக்கவும் முடியாது. அச்செடுத்துச் சங்கத்தில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் காலி செய்தோம்.

சமூகவியல் ஆசிரியர், சொந்த வீட்டில் இருப்பவர்

முதல் பதிவைப் படித்ததும் சமூகவியல் அறிஞர் நார்பர்ட் எலியாஸும் ஜான் ஸ்காட்சனும் 1965-ல் வெளியிட்ட ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஒரு புறநகர்ப் பகுதி. அருகருகே இரண்டு தொழிலாளர் குடியிருப்புகள். இனம் ஒன்று, பார்க்கும் வேலையும் ஏறக்குறைய ஒன்று. ஒரு பக்கம் இருந்தவர்கள் தலைமுறையாக இருப்பவர்கள், மறுபக்கம் பிறகு வந்தவர்கள். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பழையவர்கள் புதியவர்களை ஒழுங்கில்லாதவர்கள் என்று தள்ளி வைத்தார்கள். புதியவர்களை அவர்களில் மிக மோசமான சிலரை வைத்தும், தங்களைத் தங்களில் மிகச் சிறந்த சிலரை வைத்தும் எடை போட்டார்கள். ஆய்வு தொடங்கியபோது இளைஞர் குற்றம் புதியவர்கள் பக்கம் அதிகமாகத்தான் இருந்தது. ஆய்வு முடியும் முன்பே அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கெட்ட பெயர் மட்டும் மறையவில்லை.

எங்கள் சங்கக் கூட்டத்தில் "வாடகைக்காரங்க தொல்லை" என்று யாராவது ஆரம்பித்தால் நான் உடனே கேட்பது, எந்த ஃபிளாட், எந்தத் தேதி, என்ன நடந்தது என்று. பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மீதிப் பாதி உண்மையான புகார், அதைத் தீர்க்க வழி பிறக்கும்.

வாடகைக்கு இருப்பவர், ஐந்தாம் தளம்

எல்லோருக்கும் நன்றி. முதல் தள அண்ணா, உங்கள் அம்மா நலமாக இருக்க வேண்டும். நீங்கள் பட்டதைப் படித்தபோது எனக்கே கோபம் வந்தது.

பொறியாளர் சார் போன கூட்டத்தில் எங்களுக்காகப் பேசினார். உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதலையும் எடுத்துக் காட்டினார்: ராத்திரி படுக்கையறைக்குள் தொடர்ந்து இருக்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது, திடீரென்று எழும் சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது. "இந்த அளவு போட்டவங்க வீடு யாரு பேர்ல இருக்குன்னு கேக்கலை" என்றார். அறிவிப்புகளுக்கும் புகார்களுக்குமான குழுவில் இனி வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்ப்பார்களாம். ஓட்டுரிமை கிடையாது, அதை நான் கேட்கவும் இல்லை. குற்றம் சாட்டும்போது பதில் சொல்ல இடம் வேண்டும் என்றுதான் கேட்டேன்.

பையன் கனமான ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறான். 'தொம்' குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. கீழ் வீட்டு அம்மா இப்போது சத்தம் கேட்டால் எனக்கே போன் செய்கிறார், நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். எங்களைச் சத்திரம் என்று எழுதியவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணா, உங்கள் சங்க விதியின் வாசகத்தை அப்படியே இங்கே போட முடியுமா? முதல் எச்சரிக்கை குடியிருப்பவருக்கும் உரிமையாளருக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற அந்த வரியை அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும்.