நனைந்த ஆடியோ மிக்சருக்கு உடனே கரண்ட் கொடுக்காதீர்கள்: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

ஆடி மாதம் ராயபுரம் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் விழா. மைக் செட் நாங்கள். சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை யாரோ கீழிருந்து கம்பால் தள்ளிவிட, மொத்தமும், மைக்குகளின் சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற பதினாறு சேனல் மிக்சர் மேலேயே கொட்டியது.

பவர் கார்டை உடனே உருவிவிட்டோம். விழாக் கமிட்டிப் பெரியவர், "தம்பி, துணியால தொடச்சிட்டு ஒரு தடவ போட்டுப் பாரேன், பாட்டு நின்னா நல்லா இருக்காது" என்றார். அவர் கவலை நியாயம்தான். ஆனால் அந்த 'ஒரு தடவ போட்டுப் பார்க்கிற' வேலைதான் பிழைக்க வேண்டிய போர்டைக் கொல்கிறது. வெறும் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் எதையும் அழிப்பதில்லை. ஈரத்தோடு கரண்ட்டும் சேர்ந்தால்தான் செம்புத் தடங்கள் வேகமாக அரித்துப் பச்சை பூக்கும். மிக்சரிலிருந்து மைக்குக்குப் போகும் ஃபேன்டம் பவர் ஆன் ஆகியிருந்தால் அதன் 48 வோல்ட் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். "இல்லண்ணே, ரெண்டு மைக்க நேரா ஆம்ப்ளிஃபயர்லயே போட்டு ஓட்டிக்கலாம்" என்று சொல்லி, அப்படியே விழாவை முடித்தோம். மிக்சரைக் கவிழ்த்துப் பிடித்து, வடிந்த வரைக்கும் வடியவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிரிப்பதற்கு முன்னால் நாப் (திருப்புகிற குமிழ்) ஒவ்வொன்றும் எந்த நிறம், எந்த வரிசை என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டுகளை இணைக்கும் பட்டையான ரிப்பன் கேபிள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எடுங்கள், பின்னால் ரொம்ப உதவும். உள்ளே பார்த்தால் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுகிற பிடி) சந்துகளில் தார்ப்பாய்த் தூசி சேறாகப் படிந்திருந்தது. காய்ந்ததும் இதுதான் கொரகொரப்பாக வரும். அதனால் காய வைப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால், மெல்லிய பிரஷ் வைத்துக் கழுவினேன். குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் இருக்கிற உப்பு போர்டிலேயே தங்கிவிடும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு கழுவு. மிச்சம் இருக்கிற ஈரத்தையும் அது இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம்.

காய வைப்பதில் அவசரமே படாதீர்கள். ஹேர் டிரையர் சூட்டில் பிளாஸ்டிக் வளையும். நம் ஊர்க் காற்றில் நிழலில் வைத்தாலும் ஈரம் முழுதாகப் போகாது. ஏசி ரூமில் டிரை மோடில் போட்டு, மின்விசிறிக் காற்றில் சில நாள் விட்டேன். பவர் சப்ளை போர்டைத் தனியாகக் கழற்றிவிட்டேன். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) வகை என்றால் அதன் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கை எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுத்தது சீரிஸ் பல்பு வழியாக, அதாவது மிக்சருக்குப் போகிற லைனின் நடுவில் ஒரு பல்பை மாட்டி. பழைய குண்டு பல்புதான். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். லேசாக மின்னி மங்கினால் நிம்மதி. எனக்கு மங்கியது. மீட்டரில் பிளஸ் 15, மைனஸ் 15, 48 வோல்ட் மூன்றும் சரியாக வந்தன. ஒரே ஒரு சேனல் மட்டும் ஊமை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சத்தத்தைப் பெருக்குகிற 4580 ஐசியின் ஒரு கால் பச்சையாக அரித்திருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது ஐசியும் காண்டாக்ட் கிளீனரும் வாங்கிவந்து மாற்றியதும் சேனல் பேசியது. ஃபேடருக்குத் துரு எடுக்கிற ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அது எண்ணெய்ப் படலம் விட்டுத் தூசியைப் பிடித்து வைக்கும். ஃபேடருக்கென்றே இருக்கிற லூப்ரிகன்ட் ஒரு சொட்டு போதும்.

திருவான்மியூரிலிருந்து ஒருவர் எழுதியது:

எங்களுக்கு மழை அல்ல, கடற்காற்று. கடற்கரையிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஸ்டுடியோ. ஜன்னல் திறந்த அறையில் வைத்த மிக்சரில் முதலில் திருகு தலைகள் துருப்பிடித்தன, அப்புறம் சத்தத்தை இடது, வலது பக்கம் நகர்த்துகிற பேன் நாப்பைத் திருப்பினால் கொரகொரவென்று சத்தம், கடைசியில் ஒரு பக்கம் சவுண்டு வந்து வந்து போனது. ஐசி போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ரிப்பன் கேபிள்களைக் கழற்றி, பின்களைக் கிளீனரால் துடைத்துத் திரும்பச் செருகியதுமே சரியாகிவிட்டது. செலவு பண்ணி ஐசி மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். உபயோகம் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு தடவை எல்லா ஃபேடரையும் நாப்பையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிவிடுகிறேன். துணி உறை, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறிவிட்டால் சூடு காட்டித் திரும்பப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. மார்கழியில் சபாவுக்கு சபா ஓடுகிறவர்கள் கவனிக்கவும்: ஏசி ஹாலில் குளிர்ந்த போர்டை வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளே வியர்க்கும். அடுத்த இடத்தில் இறக்கியதும் ஸ்விட்சைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள்.

வடபழனியிலிருந்து இன்னொருவர் எழுதியது:

தண்ணீரை விட எனக்குப் பயம் நியூட்ரல்தான், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர். ஒரு கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் நடக்கும்போது ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். மாற்றுகிற ஸ்விட்சில் நியூட்ரல் சரியாகப் பிடிக்கவில்லை. 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடும் இப்படி ஆனால். மிக்சரின் பியூஸும் அதையொட்டி, வோல்டேஜ் எகிறினால் தான் வாங்கிக்கொள்கிற வேரிஸ்டரும் வெடித்தன. அந்த ரெண்டும் செத்ததால்தான் உள்ளே இருந்த மற்றதெல்லாம் பிழைத்தது. அதனால் பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இப்போதெல்லாம் எந்த மண்டபமானாலும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் பிளக் சொருகுவதில்லை. மிக்சர், எப்போதும் தானே சீரான கரண்ட்டை உருவாக்கிக் கொடுக்கிற 'ஆன்லைன்' வகை யுபிஎஸ்ஸில்தான் ஓடும். ஜெனரேட்டர் ஆளிடம், "அண்ணா, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன்.

ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று ஹம் (இரைச்சல்) வருகிறது என்று எர்த் பின்னை உடைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உயிர் அந்த எர்த்தில்தான் இருக்கிறது. ஹம்முக்கு ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், இல்லாவிட்டால் டிஐ பாக்ஸில் (இசைக்கருவியை மிக்சரோடு இணைக்கும் பெட்டி) ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள். மிக்சரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே இடத்திலிருந்து வருகிற பிளக்கில் போட்டாலே பாதி ஹம் காணாமல் போய்விடும்.