புதுப்பிப்பு: ஜன்னல் கல் ஓரத்துப் பூச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன் ஜன்னலைச் சுற்றியுள்ள கருங்கல் சட்டத்தை ஒட்டி வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல், மழை பெய்தால் உள்சுவரில் ஈரம், என்ன செய்யலாம் என்று. கல்லோடு ஒட்டிப் பூசாதே, இடைவெளி விடு என்று பலரும் சொன்னீர்கள். சரி, அதையே செய்தோம்.

கல் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பூச்சை உடைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. முன்பு பூசியவர் கல் விளிம்பின் மேலேயே அப்பளம் மாதிரி மெல்லிசாக இழுத்துவிட்டிருக்கிறார். நகத்தால் கீறினாலே உதிர்ந்தது.

இந்த முறை கொத்தனார் அண்ணன் கல்லில் டேப் ஒட்டி, ஓரத்தில் இடைவெளிக்காக 6 மில்லிமீட்டர் கனப் பட்டை வைத்து, சுவரை நனைத்துவிட்டுப் பூசினார். சாந்து முழுசாக இறுகும் முன்பே பட்டையை உருவி, டேப்பைச் சாய்வாக இழுத்தார். டீ குடித்துவிட்டு எடுக்கலாம் என்று நான் விட்ட ஒரு பக்கம் மட்டும் பூச்சோடு சேர்ந்து பிய்ந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். கல்லில் தெறித்ததை அப்போதே ஈரப் பஞ்சால் துடைத்தோம். ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

மூன்று நாள் தண்ணீர் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு இடைவெளியில் கல்லுக்கென்றே விற்கும் சிலிகோன் பசையை அடைத்தோம். வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், கல்லைக் கெடுத்துவிடும்.

நேற்றுச் சாயங்காலம் கொட்டிய மழையில் உள்சுவர் காய்ந்தே இருந்தது. அப்புறம், வாசல் கதவு ஓரம் அடுத்த சனிக்கிழமை. டேப்பை அண்ணனே எடுப்பாராம்.