மறுமொழி: 'பேரிங்' என்பதற்குத் தமிழ் – எல்லாமே 'இணைப்பு' ஆகலாமா?

அன்பர்களே, வணக்கம்.

திறன் வீட்டுக் (ஸ்மார்ட் ஹோம்) கையேட்டின் வரைவை வாசித்தேன். 'பேரிங்' என்பது புதுக் கருவி ஒன்றை வீட்டு வலைக்குள் ஏற்பது; அதற்கு எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. ஸிக்பீ (வீட்டுக் கருவிகள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் ஒரு முறை) உணரிகளை, அதாவது சென்சார்களைப் பற்றிய பகுதியில் இப்படி ஒரு வரி வருகிறது:

> கருவியை இணைப்பு நிலைக்கு மாற்றி, இணைய இணைப்பு இருப்பதை உறுதிசெய்து, மையத்துடன் இணைத்தபின் செயலியுடன் இணைக்கவும்.

'மையம்' என்பது எல்லாக் கருவிகளையும் ஆளும் 'ஹப்'. இலக்கணத்தில் குறை இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர்கூட ஒரு விளக்கை எரிய வைக்க முடியாது. பேர், ஜாயின், கனெக்ட், பைண்ட், இன்டகிரேட் என்று ஆங்கிலத்தில் தனித்தனியாக இருப்பவற்றை எல்லாம் நாம் 'இணை'யில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டோம். 'இணையம்' வேறு ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

'பேரிங்'குக்கும் 'இணைப்பு' என்றே விட்டுவிடலாம், பழகிவிட்டது என்று கிள்ளான் அன்பர் எழுதியிருந்தார். பழகியது உண்மைதான். கடைக்காரர் வந்து பொருத்திக் கொடுத்துவிட்டுப் போகிற வீட்டில் அந்தப் பழக்கம் ஒன்றும் செய்யாது. தானே வாங்கி, தானே பொருத்தி, பழுதையும் தானே தேடுகிறவருக்கு அதுதான் வினை.

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மாலை மழை எப்படிப் பெய்யும் என்று இங்கே பலருக்குத் தெரியும். இடி முழங்க ஆரம்பித்தால் பாதி வீடுகளில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள்; இறக்காத வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) தானாக விழும். மின்சாரம் போனதும் சுவரில் செருகிய ஸிக்பீ பிளக்குகள் அணைந்துவிடும். அவற்றின் வழியாகத்தான் தூரத்து பேட்டரி உணரிகள் மையத்தோடு பேசிக்கொண்டிருந்தன, அவையும் ஊமையாகும். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மைய மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் போட்டு ஓட்டுகிறார். மழை விட்டபின் திரையைப் பார்த்தால் வரிசையாக 'இணைப்பு இல்லை'. இணைப்பு இல்லை என்றால் இணைக்க வேண்டியதுதானே? வாசல் கதவு உணரி, கொல்லைப்புற விளக்கு, தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் பிளக் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து நீக்கினார். சட்டைப் பின்னை எடுத்து ஒவ்வொன்றின் ரீசெட் துளைக்குள்ளும் குத்தி, மறுபடி புதிதாகச் சேர்த்தார். வைத்திருந்த பெயர்கள் போயின. அந்தப் பெயர்களை நம்பி எழுதியிருந்த தானியக்க விதிகளும் போயின. சும்மா இருந்திருந்தால் பெரும்பாலானவை கொஞ்ச நேரத்தில் தாமே திரும்பியிருக்கும்.

ஏன் திரும்பும்? ஒரு ஸிக்பீ கருவியைச் சேர்க்கும்போது மையம் சில நிமிடங்களுக்கு வாசலைத் திறந்து வைக்கிறது. கருவி தன் 64 பிட் முகவரியைச் சொல்லி உள்ளே வருகிறது. அந்த வலையின் மறைச்சாவியும் 16 பிட் குறுமுகவரியும் அதற்குக் கிடைக்கின்றன. இவை கருவியின் நினைவகத்தில் பதிந்துவிடும். மின்சாரம் போனாலும் அழியாது. தோட்டத்துச் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) பேர் ஏறியிருப்பது வேறு, விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நிற்பது வேறு. காய்ச்சலில் படுத்தவன் பேரைக் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அன்றைக்கே அடித்துவிடுவதில்லை. நம் கையேடு இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறது.

வைஃபை பிளக்குகளில் குழப்பம் இன்னும் மோசம். மலிவானவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே அறிந்தவை. கைப்பேசியோ 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். செயலி 'இணைக்க முடியவில்லை' என்கிறது. எது எதனோடு? கைப்பேசி பிளக்கோடா, பிளக் ரவுட்டரோடா, ரவுட்டர் வெளிநாட்டு வழங்கியோடா (சர்வரோடா)? ஆள் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே என் முன்மொழிவு இது. 'பேரிங்', 'ஜாயின்' இரண்டுக்கும் பேரேற்றம். செக்ரோலில் பேர் ஏற்றுகிறோம் அல்லவா, அதேதான். இப்போதே எல்லாரும் 'பேர் பண்ணியாச்சா?' என்றுதான் கேட்கிறார்கள். காதுக்கும் பக்கத்தில் இருக்கிறது. கருவி இந்த நேரத்தில் பதில் சொல்கிறதா என்று மையம் பார்ப்பதற்கு பெரட்டு. 'இணைப்பு' என்ற சொல்லை மின்கம்பிக்கு விட்டுவிடலாம்.

– சுங்கை சிப்புட்

---

அன்புத் தம்பிக்கு,

பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதில் மறுப்பில்லை. சொற்களில்தான் எனக்கு வழக்கு.

> 'பேரிங்', 'ஜாயின்' இரண்டுக்கும் பேரேற்றம்

பெருமை + ஏற்றம் என்றாலும் பேரேற்றம்தான். 'கருவியின் பேரேற்றம் நிறைவுற்றது' என்று படிக்கிறவர், பிளக்குக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்துவிட்டதென்று நினைப்பார். பேச்சு வழக்குப் 'பேர்' இலக்கணப் புணர்ச்சியில் மாட்டிக்கொள்ளும். 'பெயரேற்றம்' என்று திருத்தினால் உயிரில்லாமல் போகும்.

கையிலேயே இருக்கிற சொல் ஒன்று உண்டு: சேர்க்கை. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் போட்ட எல்லாருக்கும் தெரிந்த சொல். 'சேர்க்கை திறந்திருக்கிறது', 'சேர்க்கை முடிந்தது', 'மறுசேர்க்கை' என்று வளைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன 'சில நிமிடங்களுக்கு வாசலைத் திறந்து வைப்பது' இதில் தானே வந்துவிடுகிறது. 'சேர்' என்று வினையாகவும் வரும். 'உணரியைச் சேர்' என்பதில் எந்தச் செயற்கையும் இல்லை. 'பேரிங்' என்றால் இருவர் ஜோடி சேர்வது போலத் தோன்றும், ஆனால் இங்கே நடப்பது ஒரு கூட்டத்துக்குள் ஒருவரை ஏற்பதுதான். சேர்க்கை அதைச் சரியாகப் பிடிக்கிறது.

பெரட்டு எனக்கும் பிடித்த சொல். அந்தக் களத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தவன் நான். ஆனால் அது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பேரன். ஓர் ஆங்கிலச் சொல்லை வெளியே அனுப்ப இன்னோர் ஆங்கிலச் சொல்லின் பேரனை உள்ளே விடுவதா? அதைவிட முக்கியம், தாமானில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரட்டு தெரியாது. வருகை போதும். பள்ளியில் வருகைப் பதிவேடு உண்டு, சேர்க்கைப் பதிவேடும் உண்டு. இரண்டும் வேறென்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

– தெலுக் இந்தான்

---

அண்ணே, வாத்தியார் ஐயா, வணக்கம். நான் எழுத்தாளன் இல்லை, ஒயர்மேன். இணைப்பைக் கம்பிக்கே விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கத்தான் இந்த மடல்.

'சுவிட்சில் இணைப்பு இல்லை, வந்து பாரு' என்று கூப்பிடுவார்கள். டெஸ்டரோடு போவேன். கம்பி நன்றாக இருக்கும். மகன் வைஃபை கடவுச்சொல்லை மாற்றியிருப்பான். இன்னொரு வீட்டில் 'வைஃபை பிரச்சினைதான், செயலியில் இணைப்பு இல்லை' என்பார்கள். சுவிட்சைக் கழற்றினால் பெட்டிக்குள் நியூட்ரலே (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) இருக்காது. இங்கே பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு லைவும், விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டும்தான் இறங்கும். நியூட்ரல் கூரையிலேயே நின்றுவிடும். நியூட்ரல் கேட்கிற சுவிட்சை இணையத்தில் வாங்கிவிட்டு, பச்சை எர்த்தை அந்த இடத்தில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிர் போகிற வேலை. நியூட்ரல் வேண்டாத வகையும் விற்கிறது. அது விளக்கின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தை இழுத்து உயிர் வாழும். எல்இடி குறைந்த வாட் என்றால் அணைத்தபின்னும் மினுக்கும், விளக்குப் பக்கம் ஒரு கெப்பாசிட்டர் போட வேண்டிவரும். அந்த வகை சுவிட்சுகள் பெரும்பாலும் மற்ற உணரிகளின் செய்தியைக் கடத்தியும் விடாது. ஆகவே சுவிட்ச் நிறைய இருந்தாலும் வலை பலமாகாது.

சுவருக்குள் கை வைக்கிற வேலைக்கு சுருஹான்ஜெயா தெனாகாவின் (மலேசிய எரிசக்தி ஆணையத்தின்) தகுதிச் சான்று உள்ள ஒயர்மேனைக் கூப்பிடச் சொல்லிக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். செருகுகிற பிளக், ஒட்டுகிற உணரி, மென்பொருள் எல்லாம் உங்கள் இஷ்டம்.

---

அன்பர்களே,

சேர்க்கை சரி. 'பதவி உயர்வு' வாதத்துக்குப் பிறகு பேரேற்றத்தைத் தூக்கிக்கொண்டு அலைய எனக்குத் தெம்பில்லை. வருகையும் சரி, வாத்தியார் ஐயா சொன்ன அந்த இரண்டு பதிவேடுகளுக்காக. பெரட்டு பரேட்டின் பேரன் என்பதற்காக மட்டும் என்றால் விட்டிருக்க மாட்டேன். சுவிட்சும் பிளக்கும் யாருடைய பேரன்கள்?

ஒயர்மேன் தம்பி எழுதியதை அப்படியே கையேட்டின் முதல் பக்கத்தில் போடுகிறேன். அவர் சொன்னபடி இணைப்பு என்றால் இனிக் கம்பி. ஒரு பொத்தான் மையத்தைக் கேட்காமல் நேரே விளக்கை இயக்கும்படி செய்வதற்குப் பிணைப்பு. மைய மென்பொருளுக்குள் வேறொரு நிறுவனத்தின் சேவையைக் கொண்டுவருவதற்கு ஒருங்கிணைப்பு. இது ஏற்கெனவே வழக்கில் உள்ளது, நீளம்தான், பொறுத்துக்கொள்வோம்.

திரையில் வர வேண்டியது இனி இப்படி: 'சேர்க்கை உண்டு, வருகை இல்லை.' இதைப் பார்க்கிற பெரியவர் பின்னைத் தேட மாட்டார். மின்சாரத்தையும் பேட்டரியையும் பார்ப்பார். மறுசேர்க்கை எப்போது உண்மையிலேயே தேவை என்றும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். மறைச்சாவியை மாற்றினால் தேவை. காப்புப்படி எடுக்காமல் மையத்தின் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் ஸிக்பீ குச்சியை) மாற்றினால் தேவை. பக்கத்து வீட்டு வைஃபை 11ஆம் தடத்தில் இரைகிறதென்று ஸிக்பீயை அதன் 25ஆம் தடத்துக்கு நகர்த்தினால் பல கருவிகள் தாமே பின்தொடரும், சில அடம்பிடிக்கும், அவற்றுக்கு மட்டும். டாங்கிளை நீலநிற யுஎஸ்பி 3 துளையிலேயே செருகி வைத்து, அந்தத் துளை கிளப்பும் இரைச்சலுக்கு வைஃபையைத் திட்டுகிறவர்களுக்காக 'ஒரு நீட்டுக் கம்பி வாங்குங்கள்' என்ற வரியும் உண்டு.

மிச்சம் ஒன்று. சேர்க்கை முடிந்த கையோடு மையம் கருவியிடம் நீ யார், எந்த நிறுவனம், என்ன மாதிரி, என்னவெல்லாம் செய்வாய் என்று கேட்கும். ஆங்கிலத்தில் அதை 'இன்டர்வியூ' என்கிறார்கள். பேட்டரிக் கருவி நடுவில் தூங்கிவிட்டால் இது பாதியில் நின்றுபோகும். கருவி பட்டியலில் இருக்கும், வேலை செய்யாது. அடிக்கடி வருகிற பழுது, சொல் கட்டாயம் வேண்டும். 'விசாரணை' என்றால் போலீஸ் வந்துவிடுகிறது. 'நேர்காணல்' என்றால் கதவு உணரி வேலைக்கு விண்ணப்பித்தது போல இருக்கிறது. 'விசாரிப்பு' என்று வரைவில் தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். மாற்று இருப்பவர்கள் எழுதுங்கள். இல்லையென்றால் அதுவே அச்சுக்குப் போகும்.

– சுங்கை சிப்புட்