மறுமொழி: 'மரியாதை இறந்தகாலம்' – ஸ்பானிய 'கெரீயா'வுக்குப் பொருந்துமா?

வணக்கம். ஸ்பானிய இலக்கணச் சொற்பட்டியலுக்காக நீங்கள் கேட்டவற்றுக்கும், அதிலுள்ள எடுத்துக்காட்டுகளுக்கும் என் பதில்.

> பேச்சுக்கு நடுவே புகுந்து கேள்வி கேட்பவர் "பெர்தோனே, கெரீயா பிரெகுந்தார்லே உனா கோஸா" என்கிறார். 'கேட்க விரும்புகிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'விரும்பினேன்' வருகிறது. இதை 'மரியாதை இறந்தகாலம்' எனலாமா?

'மரியாதை' வேண்டாம். தமிழில் அந்தச் சொல் 'நீங்கள்', 'அவர்' பக்கம் இழுத்துவிடும். ஸ்பானியத்தில் அந்த வேலை 'உஸ்தேத்'துக்கு ('நீங்கள்') உரியது. தோழனிடம் 'தூ' ('நீ') போட்டுப் பேசினாலும் "பெர்தோனா, கெரீயா பிரெகுந்தார்தே உனா கோஸா" என்றுதான் சொல்வார்கள். பெர்தோனே பெர்தோனா ஆயிற்று, லே தே ஆயிற்று, கெரீயா அசையவில்லை. ஆகவே இது ஆளின் தகுதியைப் பற்றியதே அல்ல, கேட்கும் விதத்தைப் பற்றியது. 'பணிவு' என்றாலும் மேல்-கீழ் வந்துவிடுகிறது. 'இங்கிதம்' சரியாக உட்காரும்.

> 'இறந்தகாலம்' என்பதாவது சரிதானே?

அதுவும் போதாது. ஸ்பானியத்தில் இறந்தகாலம் ஒன்றல்ல. கெரீயா முடிவுறாத இறந்தகாலம். முடிந்த இறந்தகாலமான 'கீஸே'யைப் போட்டு "கீஸே பிரெகுந்தார்லே" என்றால், கேட்க நினைத்தேன், நடக்கவில்லை என்ற பொருள் வந்துவிடும். எதிரில் இருப்பவர் மிச்சக் கதைக்குக் காத்திருப்பார். நிகழ்காலக் 'கியேரோ' ('விரும்புகிறேன்') பிழையில்லை, ஆனால் குறுக்கே புகுந்தவர் வாயில் அதட்டலாக ஒலிக்கும்.

நமக்குப் புதுச்சொல் தேடவேண்டிய அவசியமே இல்லை. ஒரு காலத்துக்குரியதை வேறு காலத்தால் சொல்வதைக் கால வழுவமைதி என்று இலக்கணம் ஏற்றிருக்கிறது. நன்னூல் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணம் சொல்கிறது. இலையில் உட்கார்ந்தபடியே 'இதோ வந்துட்டேன்' என்பது விரைவு. ஐந்தாவதாக இங்கிதத்தைச் சேர்த்தால் போதும். நாமும் இப்படிப் பேசுகிறோமே: 'உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்'. கேட்கப்போவது இப்போதுதான்; வினை மட்டும் பின்வாங்கி நிற்கிறது, மறுப்பதற்கு இடம் விட்டு.

என் பரிந்துரை: இங்கிதக் கால வழுவமைதி.

இதே இங்கிதத்துக்கு வரும் 'கிஸியேரா' ('விரும்புவேன்'), 'போத்ரீயா' ('முடியுமா') இரண்டையும் இதற்குள் அடைக்கவேண்டாம். முன்னது விழைவுப் பாங்கு (விருப்பம், ஐயம் போன்றவற்றுக்கு வரும் வினைவடிவம்), பின்னது நிபந்தனை வடிவம். தலைப்புச் சொல்லாக 'இங்கித வடிவங்கள்' வைத்து மூன்றையும் தனித்தனிப் பதிவாக்கலாம்.

பட்டியலின் எடுத்துக்காட்டுகளிலும் திருத்தம் தேவை:

"கோன் பெர்மீஸோ" ('அனுமதியோடு') பொதுவாகக் கேள்விக்கு முன்னால் வராது. கூட்டத்தை விலக்கிக் கடக்க, விடைபெற்று எழ. "லோ சியெந்தோ" வருத்தம் தெரிவிப்பது, பேச்சில் நுழைவதற்கு அல்ல. அங்கே 'மன்னிக்கவும்' எனும் பெர்தோன் அல்லது தீஸ்குல்பே.

"பெர்தோனே கெ லே இன்தெர்ரும்ப்போ" ('குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்') தவறு. மன்னிப்புக்குப் பின் வரும் 'கெ' விழைவுப் பாங்கைக் கேட்கும்: இன்தெர்ரும்ப்பா. இங்கே 'உங்களை' என்பதற்கு ஸ்பெயினில் 'லே', லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ஆணுக்கு 'லோ', பெண்ணுக்கு 'லா'. இரண்டையும் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெக்சிகோவில் படித்தவர் பிழை என்று எழுதுவார்.

"பிரெகுந்தார் உனா பிரெகூன்தா"வை எடுத்துவிடலாம். 'கேள்வி கேள்' நம் வழக்கு, அவர்கள் கேள்வியைச் 'செய்கிறார்கள்': "¿பூயேதோ அஸேர்லே உனா பிரெகூன்தா?"

மறுப்பு இருந்தால் 'இங்கிதம்' பற்றித்தான் இருக்கும். அது வடசொல் என்பவர்கள், 'தூ'வுக்கும் 'உஸ்தேத்'துக்கும் ஒருசேரப் பொருந்தும் வேறொரு சொல்லைத் தந்தால் மாற்றிக்கொள்ளலாம்.