புகைக்கான வரம்பைத் தளர்த்தும்போது புகைக்குள் இருப்பவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை?

அத்திப்பட்டு_வாசி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும், எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காயப்போட்ட துணியை உதறிவிட்டுத்தான் மடிக்க முடியும். என் கேள்வி வேறு.

2015 டிசம்பர் 7 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலக்கரி மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் எல்லாவற்றுக்கும் வரம்பு வைத்தது. ரெண்டு வருஷ அவகாசம். அது 2022 வரை போனது, அப்புறமும் தள்ளிப்போனது, கடைசியில் 2025 ஜூலை 11 அறிவிக்கையில் நாட்டில் உள்ள சுமார் 600 யூனிட்களில் 78 சதவீதத்துக்கு அந்தக் கந்தக வரம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

புது யூனிட் கட்டுவதென்றால் பந்தல் போட்டு, கலெக்டர் உட்கார்ந்து, மைக் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள். கேட்டு என்ன ஆகிறது என்பது வேறு கதை, கேட்கவாவது செய்கிறார்கள். வரம்பையே தளர்த்தும்போது மட்டும் ஏன் ஒரு ஊரிலும் பந்தல் இல்லை? சட்டத்தில் இடம் இல்லையா, இருந்தும் தரவில்லையா? அடுத்த முறை நாங்கள் எங்கே போய்ப் பேசுவது?

வக்கீல்_குமாஸ்தா

ரெண்டும் வேறு வேறு வழி சார். நீங்கள் சொல்லும் பந்தல் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் வருவது, அது தனித்தனித் திட்டத்துக்கு. 30 நாள் முன்னறிவிப்பு, அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில், கூட்டம் முழுக்க வீடியோ, பேசியதன் சுருக்கத்தைக் கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டிக் கலெக்டர் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். (வாசிக்கும்வரை யாரும் இருப்பதில்லை, பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். தயவுசெய்து இருங்கள், அந்தத் தாள்தான் டெல்லிக்குப் போகிறது.)

வரம்பு வைப்பது, தளர்த்துவது எல்லாம் 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள். அங்கே கூட்டம் கிடையாது. 5ஆம் விதியின் 3ஆம் உட்பிரிவில் ஒரு வழி இருக்கிறது: உத்தேசத்தை அரசிதழில் போட்டு 60 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். அடுத்த உட்பிரிவிலேயே அதற்குப் பூட்டும் இருக்கிறது, 'பொதுநலன் கருதி' அந்த அறிவிப்பு தேவையில்லை என்று அரசே முடிவு செய்துகொள்ளலாம். இனி எந்தத் திருத்தம் வந்தாலும் முதலில் முகப்புப் பத்திகளில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வரைவு போட்டாலும் அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். 2020இல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது டெல்லி உயர் நீதிமன்றம் அதை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்த்துப் போடச் சொல்லி, கருத்துச் சொல்லும் நாளையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. மீனவக் குப்பத்தில் இருப்பவர் வரைவைத் தமிழில் படித்துவிட்டால் என்ன நட்டமோ, எனக்குப் புரியவில்லை.

பாய்லர்_வேலைக்காரன்

மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவன், அந்தப் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கந்தகத்தைப் பிடிக்கும் எஃப்ஜிடி கருவி சும்மா வராது, மெகாவாட்டுக்கு ஒரு கோடிக்கு மேல் ஆகும், சுண்ணாம்புக்கல் வேண்டும், தண்ணீர் வேண்டும், அந்தச் செலவு கரன்ட் பில்லில்தான் வந்து விழும். நம் ஊர் நிலக்கரியில் சாம்பல் அதிகம், கந்தகம் குறைவு, பெரும்பாலும் அரை சதவீதம்தான். ஊரெல்லாம் பந்தல் போட்டுக் கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் கருவி மாட்டு என்றுதான் சொல்வார்கள். இது கணக்குப் பார்த்து முடிவெடுக்கிற விஷயம்.

மூச்சு_மருத்துவம்

கந்தகம் குறைவு என்பது நிஜம், ஆனால் எரிக்கிற நிலக்கரியின் அளவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவிர அந்த வாயு வாயுவாகவே இருந்துவிடாது, காற்றில் போகப் போக சல்பேட் துகளாக மாறும், பிஎம் 2.5 என்கிறோமே, நுரையீரலுக்குள் போகும் அந்த நுண்துகளில் சேரும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். புகைபோக்கி அடியில் கருவி வைத்து 'கந்தகம் வரம்புக்குள்தான் இருக்கிறது' என்றால் அது பாதிக் கதை. இப்போது விலக்குப் பெற்றவர்களுக்கு வைத்திருக்கும் நிபந்தனை என்ன தெரியுமா? 1990ஆம் ஆண்டு விதிப்படி புகைபோக்கி உயரமாக இருக்க வேண்டும், 500 மெகாவாட்டோ அதற்கு மேலோ என்றால் 275 மீட்டர். அதாவது உயரத்தில் விடு, அடுத்த மாவட்டத்துக்குப் போகட்டும்.

கரன்ட் பில் ஏறும் என்பதைக் கணக்கில் எழுதுகிறீர்கள். நெபுலைசருக்கு வரிசையில் நிற்கும் பிள்ளையின் செலவை அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்? அதைச் சொல்லத்தான் ஆட்களைக் கேட்க வேண்டும் என்கிறோம்.

கடலூர்_பழையஆள்

தம்பி அத்திப்பட்டு, எங்கள் கதையைக் கேளுங்கள். சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் 2004 வாக்கில் ஆட்கள் நோட்டுப் போட்டு நாற்றத்தை எழுத ஆரம்பித்தார்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், என்ன வாடை (அழுகிய முட்டை, நெயில் பாலிஷ், இப்படி அவரவர் வார்த்தையில்), எத்தனை நேரம், கண் எரிந்ததா, வாந்தி வந்ததா. அப்புறம் வாளி. நிஜமாகவே பிளாஸ்டிக் வாளிதான், உள்ளே டெட்லர் பை (காற்று மாதிரியைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் பை), ஒரு குழாய், காற்றை இழுக்கச் சின்னப் பம்பு. கலிஃபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் 1990களில் கையாண்ட முறை அது. பையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் வந்தன. 'வாடை வருகிறது' என்று சொன்னபோது திரும்பிப் பார்க்காதவர்கள் பென்சீன் மாதிரிப் பெயர்களை ஆய்வகத் தாளில் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. 1994ஆம் ஆண்டுக் காற்றுத் தர வரம்பில் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு நாள் சராசரித் தூசி 200 மைக்ரோகிராம், தொழிற்சாலைப் பகுதிக்கு 500. கந்தக டை ஆக்சைடுக்கு 80, 120. ஆலை வேலிக்கு இந்தப் பக்கம் வீடு இருந்தால் ரெண்டரை மடங்கு தூசியைச் சட்டப்படியே சுவாசிக்கலாம்! 2009 நவம்பரில்தான் அந்தப் பாகுபாட்டை எடுத்தார்கள், பென்சீன், அமோனியா எல்லாம் சேர்த்து 12 மாசுகளுக்கு எல்லோருக்கும் ஒரே வரம்பு. (எங்கள் வாளியில் அகப்பட்டதில் பெரும்பாலானவற்றுக்கு இன்னமும் வரம்பு கிடையாது, அது தனி வயிற்றெரிச்சல்.)

இப்போது 2025 அறிவிக்கையில் மின் நிலையங்களை ஏ, பி, சி என்று பிரித்திருப்பதைப் பாருங்கள். டெல்லித் தலைநகர்ப் பகுதி, பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்கள், இவற்றுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஏ, 2027 கடைசிக்குள் வரம்புக்கு வர வேண்டும். மாசு மிகுந்தது என்று ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் இடங்களை ஒட்டியிருந்தால் பி, ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களாம். மற்றதெல்லாம் சி, விலக்கு. நீங்கள் சென்னையை ஒட்டி இருப்பதால் ஏ பிரிவில் வர வேண்டும், அதாவது உங்கள் நுரையீரலுக்காக அல்ல, பக்கத்தில் பெரிய நகரம் இருப்பதற்காக. கிராமத்துக்குப் பக்கத்தில் நிலையம் இருந்தால் அந்த யோகமும் இல்லை. முகவரி பார்த்து வரம்பு வைக்கும் பழைய பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

அத்திப்பட்டு_வாசி

அண்ணே, நோட்டு யோசனை நல்லது, குப்பத்தில் பெண்கள் குழுவிடம் பேசுகிறேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு அமோனியா கசிந்தபோது எங்களுக்கு மூக்குத்தான் கருவி, அதைக் கூட யாரும் மணி போட்டு எழுதி வைக்கவில்லை. சரி, இந்த 2025 அறிவிக்கையை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

வக்கீல்_குமாஸ்தா

விதியையே எதிர்ப்பதென்றால் தீர்ப்பாயம் சரியான வாசல் இல்லை. 2019 பிப்ரவரியில் ஸ்டெர்லைட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்ட விதிகளைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுதான். இருக்கும் வரம்பை ஒரு நிலையம் மீறுகிறது என்றால் அப்போது தீர்ப்பாயம், சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு வேலை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விவசாயம், மீன்பிடி, தொழில் போன்ற நலன்களுக்காக மூன்று பேர் வரை அரசு சாராதவர்களை நியமிக்கலாம் என்று 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது, காற்றுச் சட்டத்துக்கும் அதே வாரியம்தான். 'மீன்பிடி' என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த இடங்களில் இப்போது யார் இருக்கிறார்கள், மீனவர் ஒருவராவது உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கேளுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், மனு எழுதித் தருகிறேன்.