ஐப்பசி பிறந்தால் வீடு முழுவதும் சளி, காய்ச்சல்: எதை வீட்டிலேயே பார்க்கலாம், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

குடியாத்தம் மருமகள்:

குடியாத்தத்தில் ஏழு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம் எங்களுடையது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை மாதப் பனி விடும்வரை யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டில் வாடிக்கை. இம்முறை 7 வயது மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சளி, சர்க்கரை நோயுள்ள 68 வயது மாமியாருக்கும், நேற்று முதல் 10 மாதக் கைக்குழந்தைக்கும் தொற்றிவிட்டது. மாமியார் துளசிச் சாற்றில் தேனைக் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுகிறார். இரவில் மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடச் சொல்கிறார். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுகிறார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் என்பதால் எதிர்த்துப் பேச எனக்கு நா எழவில்லை. கணவரோ, போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரைகளை மகனுக்குக் கொடுத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்கிறார். இவற்றில் எது தேவை, எது கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காட்பாடி, ஓய்வு பெற்ற செவிலி:

குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எடுத்து அப்புறப்படுத்துங்கள். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல் இருக்கின்றன. இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) காய்ச்சலும் வைரஸால் வருவதே. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இவற்றில் எதையும் தொடாது என்பதோடு, பின்னொரு நாள் உண்மையிலேயே தேவைப்படும்போது அது பலிக்காமல் போகவும் கூடும்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். அதே தேனை உங்கள் 7 வயது மகனுக்கு இரவு படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி கொடுங்கள். இருமல் தணிந்து தூங்குவான். மூக்கில் விடும் எண்ணெய் சளியைக் கரைப்பதில்லை. மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கக்கூடும். அதற்குப் பதிலாக, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுமருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன் இரு மூக்கிலும் விட்டால், குழந்தை மூச்சுத் திணறாமல் குடிக்கும். சாம்பிராணிப் புகை ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை மேலும் எரிச்சலூட்டும் என்பதால் சளி விடும்வரை அதை நிறுத்திவையுங்கள். மாமியாரிடம் இவற்றை நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் வாயால் சொல்ல வைப்பது எளிது. நானே அப்படித்தான் என் வீட்டில் சமாளித்தேன்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது அளவு. இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள புட்டியும் 250 உள்ள புட்டியும் கடையில் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும். ‘ஒரு மூடி’ என்று கண்ணளவில் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும் என்பதால் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். இருமல் சிரப்பைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த சிரப்பைக் குடித்துக் குழந்தைகள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட, மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுவரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றாலும், ஒன்று முதல் 5 வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றாலும், விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆம்பூர் வாசகர்:

செவிலி அம்மா சொன்னவற்றோடு ஆவி பிடிப்பதைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நொச்சி இலை போட்டுக் கொதித்த பானையைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போர்வை எடுக்க உள்ளே போன நேரத்தில், என் 5 வயது மகள் அதில் தடுக்கி விழுந்தாள். தொடையிலிருந்து கணுக்கால்வரை வெந்துவிட்டது. பக்கத்து வீட்டார் மாவு அப்பச் சொன்னார்கள். என் மனைவி யார் பேச்சையும் கேட்காமல் குழாயடியில் 20 நிமிடம் காலை நனைத்தபடி உட்கார வைத்திருந்தாள். அதனால்தான் புண் ஆழமாகவில்லை என்று பிறகு மருத்துவர் சொன்னார். ஆவி மூக்கடைப்புக்குச் சிறிது நேர இதமளிக்குமே தவிர, நோயின் நாட்களைக் குறைக்காது. பெரியவர்கள் வேண்டுமானால் மேசைமேல் வைத்துப் பிடிக்கட்டும். எங்கள் வீட்டில் இப்போது மிளகு ரசமும் உப்புநீர்க் கொப்பளிப்பும் மட்டுமே.

அணைக்கட்டு விவசாயி:

வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. என் தந்தைக்குக் கார்த்திகையில் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வந்தபோது, ஃப்ளூதான் என்று ஆறு நாள் கஷாயத்திலேயே கழித்தோம். மூக்கு ஒழுகவில்லை, தும்மலும் இல்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. கடைசியில் மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளில் பீடியால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைஃபஸ்! புல்லிலும் புதரிலும் இருக்கும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் இக்காய்ச்சல் நம் வட்டாரத்தில் மழை, பனிக் காலத்தில் அதிகம். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த இரண்டே நாளில் அவருக்குக் காய்ச்சல் இறங்கியது. எல்லோருக்கும் அந்தப் பொருக்கு தெரிவதில்லையாம். ஆகையால் சளியோ இருமலோ இல்லாத காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால், பரிசோதிக்கும் முன் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை விழுங்க வேண்டாம்.

குடியாத்தம் மருமகள்:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை குழந்தை தூங்கும்போது எண்ணிப் பார்த்தேன். 38 வந்தது, பாலும் குடிக்கிறது. தேன் விஷயத்தை மருத்துவரிடமே கேட்க வைத்தேன்; மாமியார் ஒன்றும் பேசாமல் தேன் புட்டியை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, இலேசான இருமல் மட்டும் மிச்சம். ஃப்ளூ தடுப்பூசியை இந்த வாரமே போடலாமா?

காட்பாடி, ஓய்வு பெற்ற செவிலி:

காய்ச்சல் இல்லாத இலேசான சளி, இருமல் தடுப்பூசிக்குத் தடையில்லை. சர்க்கரை நோயும் வயதும் இருப்பதால் அவர் ஆண்டுதோறும் போட்டுக்கொள்வது நல்லது. பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். 6 மாதம் கடந்த குழந்தைக்கும் போடலாம், ஆனால் முதல் முறை என்பதால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். போகும்போது மாமியாரின் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சளி பிடித்த நாட்களில் சர்க்கரை ஏறியிருக்கக்கூடும்.