எஃப்எஃப்எம்பெக்கோடு மல்லுக்கட்டிய கதைகள் (சேலம் பக்கம்)

அம்மாபேட்டை ஸ்டுடியோ:
முகூர்த்த நேரத்தில் கேமராவின் பவர் ஒயரை யாரோ காலால் தட்டிவிட்டார்கள். தாலி கட்டியது முழுக்க அந்த ஒரே கோப்பில். அளவு பார்த்தால் ஜிபி கணக்கில் இருக்கிறது, எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. வீடியோவை மாற்றவும் வெட்டவும் உதவும் இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் கொடுத்தால் ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. மூவ் ஆட்டம் என்பது எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, அதை எம்பி4 கேமராக்கள் பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும், உங்களுக்கே தெரியும். அன்டிரங்க் என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தேன். அதுவும் உள்ளே எஃப்எஃப்எம்பெக்கின் லைப்ரரிகளைத்தான் கூப்பிடுகிறது. முதலில் சத்தம் மட்டும் வந்தது. கெட்டிமேளம். திரை முழுக்கப் பச்சை. பெண்ணின் அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, “தம்பி, படம் வருமுங்களா?” என்றார். வந்தது. ஆனால் அந்தப் பச்சை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

நாகலூர்க்காரன்:
எனக்கு ஏற்காடு சேர்வராயன் கோயில் திருவிழா. அப்பா எடுத்த மினி டிஜிட்டல் வீடியோ (மினிடிவி) கேசட். கணினியில் ஏற்றிப் பார்த்தால், ஆள் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள். நம் ஊர் டிவி முறையான ‘பால்’ (PAL) முறையில் நொடிக்கு 50 அரைப் படங்கள், இரண்டு இரண்டாகப் பின்னிக் கிடக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் அந்தப் பின்னலைப் பிரிக்கும் யாடிஃப் ஃபில்டர் போட்டதும், கூட்டத்தில் சட்டென்று திரும்பிய எங்கள் பாட்டியின் முகம் மூக்குத்தி வரை தெரிந்தது. வீட்டில் பாட்டிக்கு வேறு படமே கிடையாது.

அஞ்சு ரோடு:
யாடிஃபை இன்னும் யார் போடுகிறார்கள்? அதே வேலைக்குப் பின்னால் வந்த பிடபிள்யூடிஃப் போட்டிருந்தால் ஓரங்கள் இன்னும் சுத்தமாக வந்திருக்கும். அதை விடுங்கள், என் கதை காலேஜ் லேப். உபுண்டு லினக்ஸில் அந்தக் காலத்தில் எஃப்எஃப்எம்பெக் என்று தட்டினால், இது பழைய ஸ்கிரிப்டுகளுக்காக மட்டும் வைத்திருப்பது, இனி ஏவிகான்வ் பயன்படுத்துங்கள் என்று ஒரு அறிவிப்பு வரும். லேப் சார் அதை வகுப்புக்கே சத்தமாகப் படித்துவிட்டு, “எஃப்எஃப்எம்பெக் செத்துப்போச்சு, நோட்ஸ்ல அடிச்சிருங்க” என்றார். நாங்களும் அடித்தோம். நடந்தது என்ன? 2011-ல் குழுவுக்குள் சண்டை வந்து ஒரு பகுதியினர் லிப்அவ் என்று பிரிந்தார்கள். லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் அவர்கள் பொதியைத்தான் எடுத்துக்கொண்டன. ஏவிகான்வ் அவர்களுடைய கருவி, அந்த அறிவிப்பும் அவர்கள் போட்டதுதான். ஃபப்ரீஸ் பெல்லார் 2000-ல் தொடங்கிய மூலத் திட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை. 2015-ல் டெபியனே அதற்குத் திரும்பியது. அந்த வருடமே, அத்தனை நாள் அதை இழுத்துக்கொண்டு வந்த மைக்கேல் நீடர்மேயர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். சார் நோட்ஸைத் திருத்தினாரா, தெரியாது.

செவ்வாய்ப்பேட்டை:
கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு போட்டோக்களைக் கோர்த்து ஒரு வீடியோ செய்தேன். லேப்டாப்பில் ஓடியது, டிவியில் கறுப்பு. அவ்வளவுதான் என் கதை.
எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். பிஎன்ஜி படங்களிலிருந்து எக்ஸ்264 என்கோடருக்குப் போனால் நிறம் 4:4:4 (நிறத் தகவலைக் குறைக்காத வடிவம்) ஆகிவிடும், நிறைய டிவிகளுக்கு அது புரியாது. பிக்ஸல் ஃபார்மேட் ஒய்யுவி420பி என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தரத்தைக் குறிக்கும் எண்ணான சிஆர்எஃப் சொல்லாவிட்டால் 23. எண் குறையக் குறையத் தரமும் கோப்பும் ஏறும், பத்திரப்படுத்துவதற்கு 18 வையுங்கள். வெட்டி ஒட்டுவது மட்டும் என்றால் மறுபடி என்கோட் செய்யாதீர்கள், காப்பி போதும், ஆனால் முழுப் படமாகச் சேமித்த ஃபிரேமில், அதாவது கீஃபிரேமில்தான் வெட்டு விழும். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் ஃபாஸ்ட்ஸ்டார்ட் போடுங்கள், அந்த மூவ் அட்டவணை கோப்பின் முன்னால் வந்துவிடும். அம்மாபேட்டைத் தம்பி, நீங்கள் எம்கேவியில் பதிவு செய்திருந்தால் கரண்ட் போனாலும் அதுவரை எடுத்தது பிழைத்திருக்கும். யூபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

அம்மாபேட்டை ஸ்டுடியோ:
அண்ணா, என் கேமராவில் எம்கேவியே கிடையாது. போனதும் கரண்ட் இல்லை, ஒயர்!